வடிகட்டிய நீர்

தமிழ்ப் பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து எல்லாப் பாடங்களையும் நான் மலாயில்தான் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. முதல் நாளே பெரிய வாத்தியார் என் கையில் ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கொடுத்தார்.

"நீ சைன்ஸ் எடுத்துப் படிச்ச பொண்ணுதானம்மா? அஞ்சாம் வகுப்புக்கு இத நீயே பாத்துக்க."

"சரி சார்" என்றேன். புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். விஷயம் எனக்குத் தெரியும். சொற்கள் தெரியவில்லை. கரைசல், கடத்தி, ஆவியாதல், ஒடுக்கம் என்று ஒவ்வொன்றும் தமிழில்தான் இருந்தது; ஆனால் என் வீட்டில் யாரும் பேசாத தமிழ். படத்தைப் பார்த்து, இது மலாயில் இன்னது என்று கண்டுபிடித்து, பிறகு அதை வீட்டுத் தமிழில் சொல்லிச் சமாளிப்பேன். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு எடுத்த மூத்த ஆசிரியையிடம் கேட்டிருக்கலாம். அவர் நல்லவர், கோபப்படாதவர். ஆனால், ஆறாம் படிவம் படித்தவளுக்கு இது தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ என்று நான் கேட்கவே இல்லை.

ஐந்தாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பெண் மட்டும் நான் சொல்வதை அப்படியே விட்டுவிட மாட்டாள். மெலிந்த உடம்பு, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, இடது கன்னத்தில் எப்போதும் ஒரு பேனா மைக் கறை. அவளுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். அம்மா களைக்கொல்லி மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். வீட்டில் நான்கு வயதில் ஒரு தம்பி.

ஆவியாதல் பாடம் எடுத்த அன்று வகுப்பே சிரித்தது.

"ஆவின்னா பேயா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

"இல்லடா. தண்ணி சூடாகி மேல போறதுதான் ஆவி."

அவள் எழுந்து நின்றாள். "அப்ப வெயில்ல காயுற துணியில இருக்குற தண்ணியும் ஆவியா டீச்சர்? அது கொதிக்கவே இல்லையே?"

நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியும், மலாயில். தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அதுவும் ஆவிதான், உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். மறுநாள் இரண்டு கைக்குட்டைகளை நனைத்து, ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். எது எத்தனை நேரத்தில் காய்ந்தது என்று நோட்டில் எழுதி வந்திருந்தாள். நான் "கெட்டிக்காரி" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். பயம்தான் கொஞ்சம் அதிகம்.

வடிகட்டுதல் பாடம் வந்தது. இதைச் செய்தே காட்டலாம் என்று எனக்கு ஒரே உற்சாகம். காலி மைலோ டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பஞ்சு, இடித்த அடுப்புக்கரி, மணல், கூழாங்கல் என்று அடுக்கினேன். பள்ளிக்குப் பின்னால் செம்பனைக் காட்டிலிருந்து வரும் கால்வாயில் ஒரு பையன் வாளியில் தண்ணீர் மொண்டு வந்தான். தேத்தண்ணி நிறத்தில் கலங்கிய தண்ணீர். டின்னில் ஊற்றினோம். முதலில் கருப்பாகக் கரித்தண்ணீர் சொட்டியது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினோம். நாலைந்து தடவைக்குப் பிறகு கண்ணாடிக் கிளாசில் நல்ல தண்ணீர் போல ஒன்று இறங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

புத்தகத்தில் இருந்த வாக்கியம் இதுதான்: வடிகட்டினால் தெளிந்த நீர் கிடைக்கும். அவ்வளவுதான். அதற்கு அடுத்த பக்கத்தில் நுண்ணுயிர்கள் பற்றியும் கொதிக்க வைப்பது பற்றியும் இருந்தது. அடுத்த பக்கத்தை அடுத்த வாரம் நடத்தலாம் என்று வைத்திருந்தேன்.

"தெளிந்த நீர்னா என்னா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

மலாயில் தெளிவுக்கு 'ஜெர்னிஹ்', சுத்தத்துக்கு 'பெர்சிஹ்'. இரண்டும் வேறு வேறு. பரீட்சையில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் மதிப்பெண் போய்விடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று தமிழில் கேட்ட கேள்விக்கு, கைதட்டல் இன்னும் காதில் இருக்கும்போது, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தெளிந்த நீர்னா சுத்தமான தண்ணி."

இரட்டைச் சடைக்காரி எழுந்தாள். "அப்ப குடிக்கலாமா டீச்சர்?"

"குடிக்கலாம்."

பின் வரிசைப் பையன் ஒருவன், "நீங்க குடிங்க டீச்சர், பாக்கலாம்லா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கிளாசைக் கையில் எடுத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனபோது ஒரு சேற்று வாடை வந்தது. "மணி அடிக்கப் போவுது, நோட்ட எடுங்க" என்று சொல்லிக் கிளாசை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன். இதைத்தான் நான் பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. வாய் குடிக்கலாம் என்றது. கை குடிக்க மாட்டேன் என்றது. கை சொன்னதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை.

கரும்பலகையில் இப்படி எழுதினேன்: வடிகட்டிய நீர் சுத்தமான நீர். அதைக் குடிக்கலாம். பதினெட்டுப் பேரும் பார்த்து எழுதினார்கள்.

அடுத்த வாரம் தோட்டத்தில் தண்ணீர் பம்பு பழுதாகிவிட்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக் குழாய்களில் மூன்று நாட்கள் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையில் ஒரு லோரி வந்து வீட்டுக்கு ஒரு தகரப் பீப்பாய், அதாவது ஒரு தோம்பு, நிரப்பிவிட்டுப் போகும். சமையலுக்கும் குளிப்பதற்கும் அதுதான். மழையும் இல்லை. நான் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக் கக்கூசில் தண்ணீர் இல்லையே என்று மட்டும் சலித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில் அவள் வரவில்லை. முதல் பாட வேளை முடிவதற்குள் பெரிய வாத்தியார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த அஞ்சாம் வகுப்புப் புள்ள இருக்கே, அதோட தம்பிக்கு நேத்து மத்தியானத்துலேருந்து வாந்தி பேதியாம். தோட்டத்துல மருந்து குடுக்குற டிரெஸர் பாத்துட்டு, தாங்காதுன்னு ஆஸ்பத்திரிக்கு லோரியில ஏத்தி அனுப்பியிருக்காரு."

"ஐயோ. என்னா ஆச்சு சார்?"

"தோம்புல தண்ணி தீந்து போச்சாம். ஆத்தாளும் அப்பனும் வேலைக்காட்டுல. தம்பி தண்ணி தண்ணின்னு அழுதிருக்கு. இந்தப் புள்ள டின்னுல மண்ணையும் கரியையும் போட்டு காவாத் தண்ணிய ஊத்தி வடிச்சுக் குடுத்திருக்கு. தானும் குடிச்சிருக்கு. இதுக்கு ஒண்ணும் ஆவல. பையனுக்குத்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "டிரெஸர் கேட்டதுக்கு, டீச்சர்தான் குடிக்கலாம்னு சொன்னாங்கன்னு சொல்லுது. நீ அப்படிச் சொன்னியாம்மா?"

அவர் அதட்டிக் கேட்கவில்லை. குரலில் சந்தேகம்கூட இல்லை. ஆமாம் சார், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றிருந்தால், ஒருவேளை அன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

"இல்ல சார். கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்னு சொன்னேன்."

எவ்வளவு இயல்பாக அது வந்தது என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. பொய் சொல்கிறேன் என்பதுகூட சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"அதானே பாத்தேன்" என்றார் அவர். "புள்ளைங்க பாதிய கேக்கும், பாதிய விட்டுரும். டிரெஸர் ஒருவேளை நோட்டுப் புத்தகத்தப் பாக்கணும்பாரு. எடுத்து வையி."

வகுப்புக்குத் திரும்பி நடந்த அந்த இருபது அடி தூரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பது நினைவில் இல்லை. என்ன செய்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. அறிவியல் நோட்டை எடுக்கச் சொன்னேன். போன வாரத்துப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். கரும்பலகையில் அதே இரண்டு வாக்கியங்களை எழுதி, 'அதை' என்பதற்கும் 'குடிக்கலாம்' என்பதற்கும் நடுவில் ஒரு கூரைக்குறி போட்டு, மேலே 'கொதிக்க வைத்த பிறகு' என்று எழுதினேன்.

"இது விட்டுப் போச்சு. எல்லாரும் சேத்துக்குங்க."

"அன்னைக்கு நீங்க இதச் சொல்லலையே டீச்சர்" என்றான் பின் வரிசைப் பையன்.

"அதான் இப்ப சொல்றேன்ல. எழுது."

எழுதினார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சர் சொன்னால் அவ்வளவுதான். அவளுடைய நோட்டு அலமாரியில் இருந்தது. திறந்து பார்த்தேன். அவள் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் கீழே அடிக்கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் மைலோ டின்னின் படத்தை வரைந்து, எந்த அடுக்கில் எது என்று அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தாள். கடைசி அம்புக்குறி கிளாசைக் காட்டியது. அங்கே 'சுத்தமான தண்ணீர்' என்றிருந்தது. நான் நோட்டை மூடி, மற்ற நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

டிரெஸர் வரவே இல்லை. பம்பு சரியானதும், இனி எல்லாரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர், காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் சொன்னதோடு விஷயம் அடங்கிவிட்டது. பையன் பிழைத்துக்கொண்டான், இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில் பாதி பையனுக்காக, பாதி எனக்காக என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று நாள் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் தடித்த சிவப்புக் கோடுகள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிள்ளைகளின் காலில் அப்படிக் கோடு இருப்பது அதிசயம் இல்லை.

அப்போதே எல்லாம் முடிந்து போயிருந்தது. நோட்டை யாரும் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஓய்வு நேரத்தில் அவளை மேசைக்குக் கூப்பிட்டேன். அவளுடைய நோட்டைத் திறந்து வைத்தேன். பக்கத்துப் பெண்ணின் நோட்டையும் திறந்து வைத்தேன்.

"இதுல ஒரு வரி விட்டுப் போயிருக்கு, பாரு. இந்த மாதிரி சேத்து எழுதிடு."

அவள் இரண்டு நோட்டையும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டும் விடை பொருந்தாமல் போனால் பிள்ளைகள் விழிப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

"எல்லாரும் எழுதியிருக்காங்களா டீச்சர்?"

"எல்லாரும் எழுதிட்டாங்க."

"நான்தான் விட்டுட்டேனா?"

நான் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் குனிந்து, எழுத்து ஒன்றோடொன்று இடிக்காமல், அழகாக எழுதினாள்: கொதிக்க வைத்த பிறகு. எழுதிவிட்டு மை காயட்டும் என்று ஊதினாள். "முடிஞ்சிச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அவளுடைய அம்மா என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, உள்ளே ஓடி முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துணியால் இரண்டு தடவை துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர், வாங்க. இந்த வீட்டுக்கெல்லாம் வந்திருக்கீங்களே. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுக்கா. தம்பி எப்படி இருக்கான்?"

தம்பி பாயில் உட்கார்ந்திருந்தான். கண் உள்ளே போய், கழுத்து நூலாகி இருந்தது. நான் கொடுத்த பிஸ்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான். அவள் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

நான் பேச்சை ஆரம்பித்தேன். "அக்கா, அந்தத் தண்ணி விஷயமா..."

"அத ஏன் டீச்சர் கேக்குறீங்க!" அவர் என்னை முடிக்க விடவில்லை. "பெரிய வாத்தியாரு எல்லாத்தயும் சொன்னாரு. நீங்க கொதிக்க வெச்சுக் குடிக்கணும்னு தெளிவா சொல்லியிருக்கீங்க. இது காதுல ஏறல. ஏறலன்னாலும் பரவால்ல, டீச்சர் மேலயே பழியப் போடுது பாத்தீங்களா! எங்க போயி இந்தப் பொய்யக் கத்துக்கிச்சோ." கதவுப் பக்கம் திரும்பினார். "டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளுடி!"

அவள் தலையைத் தூக்காமல், "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் போதும். அந்த அம்மா என்னை அடித்துவிடப் போவதில்லை. ஆனால் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையில் அவர் கலக்கிக் கொடுத்த மைலோவை வைத்துக்கொண்டு, நான் "பரவால்ல, சின்னப் புள்ளதானே" என்றேன். அவள் செய்யாத தவறுக்கு அவளை மன்னித்துவிட்டு, மைலோவைக் குடித்து முடித்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கவில்லை. நான் ஏதாவது கேட்டால் எழுந்து நிற்பாள். புத்தகத்தில் இருப்பதை விரல் வைத்து வாசிப்பாள். புத்தகத்தில் இல்லாததைக் கேட்டால், "தெரியாது டீச்சர்." காந்தப் பாடத்துக்கு எல்லாரும் வீட்டிலிருந்து ஆணி, காசு, மூடி என்று எதையாவது கொண்டு வந்தபோது, அவள் மட்டும் வெறும் கையோடு வந்தாள். திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. வருடக் கடைசியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்ததும் நான் விலகினேன். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அதற்குப் பிறகு கோலா சிலாங்கூர் பக்கத்திலேயே வேறு ஒரு பள்ளி.

அறிவியல் தமிழை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றேன். ஒரு சொல் தெரியவில்லை என்றால் பிள்ளைகள் முன்னாலேயே "எனக்குத் தெரியல, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லவும் கற்றேன். இதனால் எல்லாம் நான் நல்ல ஆசிரியை என்று பெயர் வாங்கினேன். யாராவது அப்படிச் சொல்லும்போது பேச்சை மாற்றிவிடுவேன்.

எண்பதுகள் முடியப் போகும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசிர் பெனம்பாங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "டீச்சர்தானே?" என்று பக்கத்தில் ஒரு குரல். அவளுடைய அம்மா. முடி நரைத்திருந்தது, ஆள் மாறவில்லை. மகள் ரவாங் பக்கம் சுங்கை சோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், அங்கேயே நாலைந்து பெண்களோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள், மகன் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டான் என்றெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார். நான் மீன்பையைக் கீழே வைத்தேன். வியாபாரிகளின் இரைச்சலுக்கு நடுவில், வார்த்தைகளை அடுக்காமல் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு உங்க மக பொய் சொல்லல. வடிகட்டுன தண்ணியக் குடிக்கலாம்னு நான்தான் சொன்னேன். பெரிய வாத்தியார் கேட்டப்ப நான்தான் பொய் சொன்னேன்."

அவருக்கு முதலில் எந்த விஷயம் என்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"ஆஸ்பத்திரியில தம்பி படுத்திருந்தப்பவா?"

"ஆமாக்கா."

"அவ எத்தன தடவ சொன்னா தெரியுமா. அம்மா நெசமா, அம்மா நெசமான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் தண்ணி புடிக்கிற ரப்பர் ஓஸால அடிச்சேன். பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்ட பொறவுதான் நிறுத்துனேன்."

அவர் தம் மீன்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இத எங்கிட்ட எதுக்கு டீச்சர் சொல்றீங்க? அவகிட்டல்ல சொல்லணும்" என்றார். பிறகு அவள் இருக்கும் இடத்தை விவரமாகச் சொன்னார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறி சுங்கை சோவுக்குப் போனேன். அவள் தொழிற்சாலைச் சீருடையில், வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். சடையை வெட்டிவிட்டிருந்தாள். அம்மா என்னைப் பற்றி முன்பே தகவல் அனுப்பியிருக்க வேண்டும், அவள் ஆச்சரியப்படவில்லை. முனையில் இருந்த ஒட்டுக்கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிளாசை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போய்விட்டுக் கீழே வைத்ததையும் சொன்னேன்.

நான் முடித்த பிறகு, "நான் சரியாத்தான் கேட்டேனா டீச்சர்?" என்றாள்.

"சரியாத்தான் கேட்ட. சரியாத்தான் எழுதியிருந்த."

"முதல்ல எனக்குத் தெரியும், நீங்க அதச் சொல்லலன்னு. அப்புறம் பாத்தா எல்லார் நோட்டுலயும் இருக்கு. பெரிய வாத்தியார் சொல்றாரு, அம்மா சொல்றாங்க. சரி, நான்தான் கேக்காம விட்டுட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் குரல் தாழவில்லை, உயரவில்லை. "இப்பவும் அப்படித்தான் டீச்சர். பேக்டரியில சூப்பர்வைசர் ஒண்ணு சொன்னா, ரெண்டு தடவ திரும்பக் கேப்பேன். எழுதி வெச்சுக்குவேன். எழுதி வெச்சத வேற யாருகிட்டயாவது காட்டி இப்படித்தானே சொன்னாங்கன்னு கேப்பேன். கூட இருக்குறவளுங்க சிரிப்பாளுங்க."

வைவாள் என்று நினைத்துப் போனேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அவளுடைய காதையே அவள் நம்பாமல் போகும்படி செய்திருக்கிறேன் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கால்களில் இருந்த கோடுகளைத்தான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாவா, இல்லையா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்கும் தைரியமும் இல்லை. தொழிற்சாலை பஸ் வரும் நேரமாகிவிட்டது. எழுந்திருக்கும்போது சொன்னாள்:

"தம்பிகிட்டயும் சொல்லிடுங்க டீச்சர். அவன் இன்னமும் சண்ட வந்தா என்னை 'காவாத் தண்ணி'ன்னுதான் கூப்பிடுவான். பொய்க்காரின்னும் சொல்லுவான்."

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சாயங்காலம் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பையனுக்குப் பன்னிரண்டு வயது. கால்பந்து விளையாடப் போகும் அவசரத்தில், ஒரு காலில் மட்டும் சப்பாத்து போட்டபடி படியில் உட்கார்ந்திருந்தான். அம்மா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். அவனுக்கு அந்த ஆஸ்பத்திரியே நினைவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"அப்ப அக்கா சொன்னது உண்மையா?"

"உண்மை."

"அப்புறம் ஏன் டீச்சர் அக்காவ மாத்தி எழுதச் சொன்னீங்க?"

பல வருடமாக எனக்குள் அதற்கு நீளமான பதில்கள் இருந்தன. சின்ன வயது, சொல் தெரியாத கஷ்டம், பெரிய வாத்தியார் கேட்ட விதம் என்று எத்தனையோ. அவன் முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

"பயந்துட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"வேலை போயிடும்னு. எல்லாரும் என்னை ஒண்ணும் தெரியாதவள்னு நெனப்பாங்கன்னு."

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்."

அவன் இன்னொரு சப்பாத்தையும் மாட்டிக் கயிற்றைக் கட்டினான். "அக்கா தீபாவளிக்கு வரும். இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திடலை நோக்கி ஓடினான்.